பேர் எழுதாத பக்கங்களில் பெண்களைத் தேடுவது எப்படி

சேலத்தில் குகை என்கிற பகுதியில், எங்கள் தெரு முனை நூலகத்துப் பரணில், 1964-ஆம் வருடத்து நூல் கொடுத்த பதிவேடு ஒன்று இருக்கிறது. சிவப்புக் காலிகோ அட்டை, முதுகுப் பக்கம் கோந்து விட்டுப் போயிருக்கும். அதில் ஒரு நெசவாளர் பேரில் மாதம் ஏழெட்டுத் தடவை புத்தகம் போயிருக்கிறது. எல்லாமே குடும்ப நாவலும், வாரப் பத்திரிகையில் இருந்து கிழித்துத் தைத்த தொடர்கதையும். அந்த மனிதரை எனக்குத் தெரியும். விடிகாலையில் தறிக்குழியில் கால் வைத்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். அவர் கையில் ஒரு துண்டுத் தாளைக்கூட நான் பார்த்ததில்லை. வாங்கியவர் கையெழுத்துக் கட்டத்தில் ஒரு சிறுபையனின் கோணல் எழுத்து. இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற கை.

மூன்று வாரம் அந்தப் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்தேன். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண் இருந்தார். வாசிப்பறையில் ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் இடத்துக்குப் பெண்பிள்ளைகள் வரும் வழக்கம் அன்றைக்கு இல்லை. கார்டு அப்பா பேரில், எடுத்து வந்தது தம்பி, படித்தது அக்கா. பதிவேட்டில் இல்லாத அந்த மூன்றாவது ஆள்தான் எங்கள் நூலகத்தின் அந்தக் காலத்துப் பெரிய வாசகர்.

நெசவாளர் சொசைட்டியில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். ஏழு வருடமாக வாரத்தில் மூன்று மாலை அந்தப் பரண்தான் என் வேலை. கல்லூரிப் பிள்ளைகள், மகளிர் குழுக்காரர்கள், தங்கள் பாட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் குப்பையில் பெண்களை எங்கே தேடுவது? அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முன்

தமிழ்நாட்டில் 1948-ஆம் வருடப் பொது நூலகச் சட்டத்தின்படி நடக்கும் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஒரு வகை. தெருவில் சங்கமும், தொழிற்சங்கமும், கட்சியும், கோயிலும், சர்ச்சும் நடத்தும் படிப்பகம் இன்னொரு வகை. அச்சான புத்தகத்துக்கு முதல் வகைக்குப் போங்கள். தெருவின் பழைய காகிதம் வேண்டுமானால் இரண்டாவது வகையைத் தட்டுங்கள். அங்கேதான் யாரும் கழிக்காமல், கழிக்க மனசில்லாமல், எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். "பழைய பெட்டி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "மினிட் புத்தகம், நன்கொடை ரசீது, ஆண்டு விழா மலர், கல்யாணப் பத்திரிகை கட்டு" என்று பொருளின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். உடனே யாருக்காவது ஞாபகம் வரும்.

"பெண்கள் வரலாறு" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு பரண் ஏறினால் சாயங்காலம் தும்மலோடு இறங்க வேண்டியதுதான். ஒரு தெரு, ஒரு பத்து வருடம், ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் எடுத்தது இது: 1950-களில் எங்கள் தெருவில் தார் (நெசவில் குறுக்கே ஓடும் நூலைச் சுற்றும் சின்னக் குழல்) சுற்றிய பெண்களின் கூலி யார் கையில் போய்ச் சேர்ந்தது? இதற்குப் பதில் எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று யோசித்தால், எந்தப் பெட்டியைத் திறப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கையில் பென்சில் வேண்டும், பேனா வேண்டாம். கோடு போடாத நோட்டு, செல்போன், சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, மெல்லிய பெயிண்ட் பிரஷ், பருத்தித் துணி, முகத்துக்கு மாஸ்க். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு தொடுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் கணக்கு எழுதும் எங்களுக்கெல்லாம் ஊறிப்போனது. நானே அதை விட ஆறு மாதம் ஆனது.

முதல் நாள் எதையும் படிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் அது எந்தப் பெட்டியில், எதற்கு மேல், எதற்குக் கீழ் இருந்தது என்று எழுதி, ஒரு படமும் எடுங்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை ரசீதுப் புத்தகத்துக்குள் இருந்தால், அது அங்கே இருந்ததற்கே ஒரு காரணம் இருக்கலாம். அந்தக் கல்யாணத்தன்று நூலகத்துக்கு நன்கொடை கொடுத்திருப்பார்கள். எடுத்துத் தனியாக வைத்துவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும், மறுபடி போட முடியாது.

கணக்குப் புத்தகத்தைப் பெண்ணின் கண்ணோடு படிப்பது

நெசவு என்பது ஒருவர் செய்யும் வேலை இல்லை. பாவு என்கிற நீளவாக்கு நூலை ஓட்டவும், தெருவில் நீட்டிக் கஞ்சி போடவும், இழை அறுந்தால் பிணைக்கவும், ராட்டையில் தார் சுற்றவும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வேண்டும். தார் இல்லாமல் தறியின் நாடா, அதாவது ஓடம், ஓடாது. ஆனால் சொசைட்டியின் உறுப்பினர் பதிவேட்டில் தறிக்கு ஒரு பேர்தான் இருக்கும், பெரும்பாலும் வீட்டு ஆண் பேர். துணியை ஒப்படைத்தால் கூலி அவர் கணக்கில் வரவாகும். அதற்குள் மனைவியின் சுற்றுக்கூலியும் மகளின் சுற்றுக்கூலியும் கரைந்து கிடக்கும்.

நானே அந்தப் பேரேட்டில் எத்தனை ஆயிரம் வரி எழுதியிருக்கிறேன்! அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் அம்மாயி சாகும்வரை தார் சுற்றினார். ராட்டைப் பிடி பட்டு வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு, வேப்பங்கொட்டை மாதிரி. அந்தக் கைக்கான வரவு தாத்தா பேரில் இருக்கிறது.

அதனால் பேரேட்டை எடுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, வாரிசு மாற்றம். உறுப்பினர் இறந்த பிறகு "மேற்படியார் மனைவி" என்று ஒரு பேர் வரும். அந்த வரிக்கு அடுத்த ஆறு மாதம் துணி ஒப்படைப்பு குறைந்ததா, நின்றதா, அப்படியே தொடர்ந்ததா? தொடர்ந்திருந்தால் தறியில் உட்கார்ந்தது யார் என்று கேளுங்கள். பெண்கள் தறியில் நெய்ததில்லை என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பக்கங்கள் பதில் சொல்லும். இரண்டாவது, முன்பணம். என்ன காரணத்துக்கு வாங்கினார்கள் என்று சில எழுத்தர்கள் ஓரத்தில் குறிப்பார்கள்: பிரசவம், சீர், காது குத்து, கருமாதி. ஒரு பெண்ணின் வாழ்க்கையே இந்த நாலு சொல்லில் ஓடிவிடும். மூன்றாவது, கையெழுத்துக் கட்டம். ரேகையா, கையெழுத்தா? இடது பெருவிரலா? ரேகைக்குப் பக்கத்தில் யார் பேர் எழுதிக் கொடுத்தது?

இந்த மூன்றாவதை மகளிர் குழுவின் நோட்டில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு வழியாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கி, பிறகு சேலம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு வந்தன. 1997-இல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. எங்கள் பகுதிக் குழு ஒன்று தன் முதல் தீர்மான நோட்டை நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் பதினாறு பேர், அதில் பதினொன்று ரேகை. ஊதா மை, அழுத்தி வைத்து விளிம்பில் கசிந்திருக்கும். ஏழாவது கூட்டத்தில் ஒரு ரேகைக்குப் பக்கத்தில் பென்சிலில் மெல்ல ஒரு "ப". பன்னிரண்டாவது கூட்டத்தில் அதே இடத்தில் முழுப் பேர், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கட்டத்தைத் தாண்டி அடுத்தவர் கட்டத்துக்குள் போயிருக்கும். அதற்கப்புறம் அந்த நோட்டு முடியும்வரை அவர் ரேகை வைக்கவே இல்லை. அந்த நோட்டில் நிறைவேற்றிய தீர்மானங்களைவிட இதைத்தான் நான் வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவேன்.

பேர் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள்

பழைய காகிதத்தில் பெண்ணின் பேர் நேராக வராது. "இன்னார் சம்சாரம்", "இன்னார் தாயார்", "இன்னார் குமாரத்தி" என்றுதான் வரும். அதனால் உங்கள் நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் காகிதத்தில் உள்ளபடி, இன்னொன்றில் பிறகு தெரியவந்த சொந்தப் பேர். இரண்டையும் கலக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பின் பேரே மாற்றப்பட்ட பெண்களும் உண்டு. மாமியார் பேரும் மருமகள் பேரும் ஒன்றாக இருந்தால் மருமகளுக்கு வேறு பேர் வைத்துக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரே பெண் இரண்டு பேரில் இருக்கலாம்.

ஊர்ப்பேரையே முன்னால் போட்டுக்கொண்டு சொந்தப் பேரில் நின்ற பெண்களும் இருந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கிராமபோன் இசைத்தட்டுகளில் பாடிய சேலம் கோதாவரி அப்படி ஒருவர். தட்டின் நடுவட்டத்தில் தகப்பன் பேரும் இல்லை, புருஷன் பேரும் இல்லை. ஊரும் அவரும் மட்டும். எங்கள் நூலகத்தில் அந்தத் தட்டு இல்லை. ஆனால் பழைய பாட்டுப் புத்தகங்களையும் கச்சேரி நோட்டீசுகளையும் புரட்டும்போது இந்த மாதிரிப் பேர்களுக்குக் கண்ணைத் திறந்து வையுங்கள்.

எழுதிய கையும் சொன்ன வாயும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1925-இல் இருந்து ஜகன்மோகினி பத்திரிகையை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் தன் முதல் படைப்பைத் தோழி ஒருவரிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர். அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. கடிதம், மனு, கணக்கு எதைப் பார்த்தாலும் "இது யார் கை, யார் வாய்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய மாதர் பத்திரிகைகள் கிடைத்தால் கதையோடு நிறுத்தாமல் வாசகர் கடிதத்தையும் விளம்பரத்தையும் சந்தா ஞாபகமூட்டலையும் படியுங்கள். எந்த ஊரில் இருந்து யார் எழுதினார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

வருடம் கண்டுபிடிப்பது

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய பத்திரிகையில் தமிழ் வருடப் பேர்தான் பெரிதாக இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்பி வரும். பிரபவ என்றால் 1927-28, இல்லாவிட்டால் 1987-88. அச்சு, தாள், விலாசத்தில் பின்கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். பின்கோடு வந்தது 1972-இல். வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். இதை விட்டுவிட்டால் ஒரு வருடம் தப்பாகப் போய்விடும்.

எங்கள் பெட்டியில் "சுக்கில வருடம் மாசி மாதம்" என்று ஒரு கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய தாள், மாப்பிள்ளைக்குச் சிரஞ்சீவி, பெண்ணுக்குச் சௌபாக்கியவதி. சுக்கில என்பது 1929-30. மாசி என்றால் 1930 பிப்ரவரி, மார்ச். ஏன் அந்த மாதத்தில் நின்றேன் என்றால், சாரதா சட்டம் என்று சொல்லும் குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்தார்கள். சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இந்தியா முழுக்க அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன. இந்தப் பத்திரிகையும் அதில் ஒன்றா? பத்திரிகையில் வயது போடுவதில்லை, அதனால் அதை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. அந்த வருடத்து மற்றப் பத்திரிகைகளை எடுத்து மாதவாரியாக அடுக்கினேன். இருந்த ஒன்பதில் ஆறு தையிலும் மாசியிலும் இருந்தன. அந்த இரண்டும் எப்போதுமே கல்யாண மாதம் என்பதால் அதுவும் போதாது. கடைசியில் அந்தப் பெண்ணின் மகளே பக்கத்துத் தெருவில் இருப்பது தெரிந்து போய்க் கேட்டேன். "எங்கம்மாவுக்கு அப்ப ஒம்பது வயசு கண்ணு. மாலையைப் போட்டப்ப கழுத்து வலிக்குதுன்னு அழுதுச்சாம்" என்றார். காகிதம், சட்டம், வாய்மொழி மூன்றும் ஒரு புள்ளியில் சேர்ந்த பிறகுதான் நோட்டில் பேனாவால் எழுதினேன். அதுவரை பென்சில்.

அதே பத்திரிகைக்கு நான் செய்த கெடுதலையும் சொல்ல வேண்டும். மடிப்பில் கிழிந்திருந்ததைப் பார்த்து, காப்பாற்றுவதாக நினைத்து செல்லோடேப் ஒட்டினேன். ஐந்தாவது வருடம் டேப் பழுப்பாகி, பசை தாளுக்குள் இறங்கி, அடியில் இருந்த எழுத்து கரைந்துபோனது. டேப் ஒட்டிய இடத்தில் இருந்தது பெண்ணின் பேர். இன்றைக்கு அந்தப் பத்திரிகையில் சௌபாக்கியவதிக்கு அப்புறம் ஒரு பழுப்புப் பட்டை மட்டும்தான். நல்ல வேளை, நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒட்டாதீர்கள், லாமினேட் பண்ணாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், குண்டூசி குத்தாதீர்கள். கிழிந்ததை அப்படியே ஒரு வெள்ளைத் தாள் மடிப்புக்குள் வைத்தால் போதும்.

வாய்மொழியில் வருடம் வேறு விதமாக வரும். வயதான பெண்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்பார்கள். உண்மையில் அவர்களிடம் துல்லியமான நாட்காட்டி உண்டு. எங்கள் அப்பாயி "கள்ளுக்கடை மூடின வருஷம் உங்கப்பன் வயித்துல" என்பார். மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான், ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி கொண்டுவரப்பட்டது. அப்பாவின் பிறந்த மாதம் அதை வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934. நூல் கண்ட்ரோல் (நெசவு நூலுக்கு அரசு போட்ட கட்டுப்பாடு) என்றால் இரண்டாம் உலகப்போர்க் காலமும் அதை ஒட்டிய வருடங்களும். காந்தி செத்தது 1948. "எங்க பாட்டி சொல்லும், தாது வருஷத்துப் பஞ்சம்" என்று வந்தால் 1876-77. இந்த மாதிரி ஒரு பட்டியல் தயார் செய்து கையில் வைத்துக்கொண்டு, "அது கள்ளுக்கடை மூடினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுப் பாருங்கள்.

புகைப்படத்தில் ஓரத்தைப் பாருங்கள்

குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை என்று ஒன்று நடக்கும். சாமி வேஷம் கட்டி வண்டிகளில் வலம் வருவார்கள். அந்தப் படங்கள் எங்கள் ஆல்பத்தில் நிறைய இருக்கின்றன. பார்வதி, லட்சுமி, சரஸ்வதி எல்லாம் வண்டி மேலே ஜரிகைப் புடவையில் நிற்பார்கள், எல்லாரும் தெருவின் ஆண்பிள்ளைகள்தான். நிஜப் பெண்கள் எங்கே என்றால் திண்ணை, மொட்டை மாடி, ஜன்னல் கம்பிக்குப் பின்னால். போட்டோக்காரர் அவர்களை எடுக்க நினைக்கவில்லை, தானாக விழுந்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி எடுத்து அவர்களைப் பாருங்கள்: கையில் குழந்தை யாருக்கு, ரவிக்கைக் கை எவ்வளவு நீளம், யார் முன்னால், யார் தூணுக்குப் பின்னால். செல்போனில் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ கிறுக்கிய தேதியும் அங்கே இருக்கும்.

மலை மேலே போனால்

ஏற்காட்டுக்கும் ஒரு தோழியோடு சில தடவை போய் வந்தேன். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டக் காகிதம் வேறு மாதிரி. செக்ரோல் என்று சொல்லும் ஆள் வருகைப் புத்தகத்தில் ஆண், பெண், பிள்ளை என்று தனித்தனியாக எண்ணிக்கை இருக்கும், கூலியும் வேறு வேறாக இருக்கும். வேலைக்கு ஒரே கூலி என்கிற சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். அதற்கு முன், பின் என்று இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களும் அதற்கு மேலும் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அதன் செலவுக் கணக்கு பிறகு எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பெண் ஆள் எண்ணிக்கை ஏறும், மற்ற மாதங்களில் இறங்கும். இறங்கிய மாதங்களில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை மலையூர்களில் போய்த்தான் கேட்க வேண்டும். தோட்டக் காகிதம் தனியார் சொத்து, அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது.

வெளியே தேட வேண்டியவை

நூலகத்தில் கிடைத்ததை வெளியே ஒப்பிட்டுப் பார்க்க, 1883-இல் வந்த சேலம் மாவட்டக் கையேடும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியரும் உதவும். இரண்டும் ஆங்கிலத்தில், வெள்ளை அதிகாரிகள் எழுதியவை. பெண்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் இருப்பார்கள். சேலத்தில் லண்டன் மிஷன் 1827-இல் வேலை தொடங்கியது. அவர்களின் அறிக்கைகளில் பெண்பள்ளிகளைப் பற்றி இருக்கும், நடத்திய வெள்ளைக்காரப் பெண்களும் பல இடத்தில் "இன்னார் மனைவி" என்றுதான் வருவார்கள். சென்னையில் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். ஒன்று கவனம்: தருமபுரி 1965 வரை, நாமக்கல் 1997 வரை, சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. திருச்செங்கோட்டுப் பெண்ணின் பழைய காகிதம் சேலம் தலைப்பில் கிடக்கும்.

வீட்டுக்குப் போய்க் கேட்பது

வெறுங்கையோடு போகாதீர்கள், பதிவேட்டுப் பக்கத்தின் பெரிய ஜெராக்ஸ் கொண்டுபோங்கள். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. "இந்தக் கையெழுத்து யாருது பாருங்க ஆத்தா" என்றால் வரும். கேட்கும்போது வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள்தான் பதில் சொல்வார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி உட்காரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் நீங்களும் ஒரு பிடி எடுத்து ஆயுங்கள். கை வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும். செல்போனில் பதிவு செய்யும் முன் கேளுங்கள், பதிவு செய்ததை அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடக் கூடாது. பெண் சிசுக்கொலையின் வேதனை சேலம் மாவட்டத்துக்குத் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. தேவதாசி முறையைச் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், அந்தக் குடும்பத்துப் பேத்திகள் இன்று நம்மோடு வேலை செய்கிறார்கள். கண்ணில் பட்ட காகிதம் என்பதற்காக ஒரு வீட்டின் வாசலில் போய் அதை விரிக்க நமக்கு உரிமை இல்லை. பேரை விட்டு நிகழ்வை மட்டும் எழுதலாம். சில சமயம் அதையும் எழுதாமல், உறையில் போட்டு ஒட்டி, எந்த வருடம் வரை திறக்கக் கூடாது என்று மேலே எழுதி வைக்கலாம். எங்கள் பீரோவில் அப்படி இரண்டு உறை இருக்கிறது.

திரும்ப வைப்பது

எடுத்த வரிசையிலேயே வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றுங்கள். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள், எங்கள் தெருவில் நாடாவுக்குப் பஞ்சமில்லை. வெயிலில் காய வைக்காதீர்கள், எழுத்து வெளுக்கும். ராமபாணப் பூச்சிக்குக் காற்றோட்டமும் மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பதும்தான் நல்ல மருந்து. ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓடுகளைப் பாருங்கள். கண்டுபிடித்ததை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அந்தக் கட்டிலேயே வைக்க வேண்டும். நம் வீட்டு நோட்டில் மட்டும் இருந்தால், நமக்குப் பின்னால் அதுவும் எடைக்குப் போகும். சீட்டில் பக்க எண், என்ன தெரிந்தது, எப்படித் தெரிந்தது, யார் சொன்னது, பேர் போடச் சம்மதமா, தேதி. இவ்வளவுதான்.

அந்த 1964 பதிவேட்டின் அக்காவைப் போன வருடம் நூலகத்துக்குக் கூட்டி வந்தேன். பரண் ஏற முடியாது, பதிவேட்டைக் கீழே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். தம்பியின் கையெழுத்தைத் தொடாமல், காற்றில் விரலால் அதே மாதிரி எழுதிப் பார்த்தார். தம்பி இப்போது இல்லை. "ஒரு புஸ்தகத்துக்கு ஒரு தேங்கா பர்பி கேப்பான்" என்றார். புத்தகங்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து, "இதோட கடைசி அத்தியாயம் கிழிஞ்சிருந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் முடிவு தெரியாது" என்று ஒரு வரியில் நிறுத்தினார். அந்தப் புத்தகம் எங்களிடம் இல்லை, வேறு நூலகங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

துண்டுச்சீட்டில் பக்கம் 41 முதல் 63 வரை என்று நான் எழுதினேன். கார்டு அப்பா பேரில், கையெழுத்து தம்பியுடையது, படித்தவர் மகள், அவரே பார்த்துச் சொன்னது என்றும் எழுதினேன். பேர் போடலாமா என்று கேட்டேன். பென்சிலைக் கையில் வாங்கிக்கொண்டார். கடைசி வரியை அவரே எழுதினார். அந்தச் சீட்டு பதிவேட்டுக்குள் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.